அம்மாவுக்கு வந்திருப்பது எந்த வகை மார்பகப் புற்றுநோய்?

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது. சென்னை வில்லிவாக்கத்தில் இருக்கிறோம். இடது மார்பில் 3 செ.மீ. அளவில் கட்டி. பயாப்சியில் 'இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, கிரேடு 3' என்று வந்தது. அப்புறம் வந்த இன்னொரு ரிப்போர்ட்டில் ஈஆர் நெகட்டிவ், பிஆர் நெகட்டிவ், ஹெர்-2 2+ என்று போட்டிருக்கிறது. இது 'ட்ரிபிள் நெகட்டிவ்', இருப்பதிலேயே மோசமான வகை என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. என் அத்தைக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆபரேஷனும் கரண்டும் (கதிர்வீச்சு) முடிந்து, தினம் ஒரு மாத்திரை மட்டும் சாப்பிட்டு ஆறு வருடமாக நன்றாக இருக்கிறார். அம்மாவுக்கு ஏன் அந்த மாத்திரையை எழுதவில்லை? அம்மாவிடம் இதுவரை 'சாதாரணக் கட்டி' என்றுதான் சொல்லியிருக்கிறோம்.
– வாசகி, வில்லிவாக்கம்

மருத்துவர் பதில்:

முதலில் அவசரமான விஷயம். உங்கள் அம்மாவுக்கு இருப்பது ட்ரிபிள் நெகட்டிவ், அதாவது ஈஆர், பிஆர், ஹெர்-2 மூன்றுமே நெகட்டிவ், என்று யாரும் இன்னும் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டே அதைச் சொல்லவில்லை. ஹெர்-2 பரிசோதனையில் 0 அல்லது 1+ வந்தால் நெகட்டிவ், 3+ வந்தால் பாசிட்டிவ். 2+ இரண்டுக்கும் நடுவில் நிற்பது. அதை வைத்து எந்தப் பக்கமும் முடிவெடுக்கக் கூடாது. ஃபிஷ் என்ற அடுத்த பரிசோதனையைச் செய்தால்தான் தெரியும். அதன் முடிவு வருவதற்கு முன் அடுத்த வாரம் ஆபரேஷன் வேண்டாம் என்பது என் கருத்து. நாளைக்கே உங்கள் சர்ஜனிடம் போய் 'ஃபிஷ்ஷுக்கு அனுப்பிவிட்டீர்களா, அது வந்த பிறகு முடிவு செய்யலாமா' என்று கேளுங்கள்.

ஃபிஷ்ஷுக்காக அம்மாவை மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. பயாப்சியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து லேப்பில் வைத்திருப்பார்கள். அதைத்தான் 'பிளாக்' என்கிறோம். அதிலிருந்தே மெல்லிய சீவல் எடுத்து, செல்லுக்குள் ஹெர்-2 மரபணு எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். அதற்குள் நோய் பரவிவிடுமோ என்று பயப்படுவீர்கள். இந்தக் கட்டி நேற்று வந்ததில்லை, கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு வளர்ந்து வந்திருக்கிறது. சரியான பரிசோதனைக்காக இரண்டு மூன்று வாரம் போவதால் கெடுதல் இல்லை. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

சரி, இந்த வகைகளைப் பார்ப்போம். 'இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, கிரேடு 3' என்றால், பால் குழாயில் தொடங்கி சுற்றியுள்ள சதைக்குள் இறங்கியிருக்கும், வேகமாக வளரும் தன்மையுள்ள புற்றுநோய். ஈஆர், பிஆர் என்பவை ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள். புற்றுநோய்ச் செல்லில் இவை இருந்தால், அந்தக் கட்டி ஹார்மோனின் தூண்டுதலில் வளர்கிறது என்று அர்த்தம். ஹார்மோனைத் தடுத்தால் அதன் வளர்ச்சியும் தடைபடும். ஹெர்-2 செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். அது அளவுக்கு மீறி இருந்தால் செல் வேகமாகப் பெருகும். இந்த மூன்றில் எது இருக்கிறது, எது இல்லை என்பதை வைத்துத்தான் சிகிச்சையின் பாதை முடிவாகிறது.

உங்கள் அத்தைக்கு வந்தது ஹார்மோன் பாசிட்டிவ் வகையாகத்தான் இருக்க வேண்டும். அவர் சாப்பிடுவது டாமாக்சிஃபெனாகவோ லெட்ரோசோலாகவோ இருக்கும். அந்த வகையில் அது மிக நல்ல மருந்து. டாமாக்சிஃபெனை 5 வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டாலே, மார்பகப் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஆனால் அம்மாவின் கட்டியில் அந்த ஏற்பியே இல்லையென்றால் மாத்திரை எதைத் தடுக்கும்? கொடுத்தால் பக்க விளைவு மட்டும்தான் மிஞ்சும். அதனால்தான் டாக்டர் எழுதவில்லை. ஒரே ஒரு விஷயம் சரிபாருங்கள்: ஈஆர் நெகட்டிவ் என்று போட்ட இடத்தில் சதவீதம் எத்தனை என்று இருக்கிறதா? 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் நெகட்டிவ். 1 முதல் 10 வரை இருந்தால் 'குறைந்த பாசிட்டிவ்' என்போம், அவர்களுக்கு மாத்திரையால் பலன் உண்டா என்று டாக்டர் தனியாக யோசிப்பார். பயாப்சி சதையை ஃபார்மலினில் போடத் தாமதித்தால் இந்தப் பரிசோதனை தவறாக நெகட்டிவ் காட்டவும் வாய்ப்புண்டு. சந்தேகம் இருந்தால் பிளாக்கை வாங்கி இன்னொரு லேப்பில் பார்க்கச் சொல்லலாம். அது நோயாளியின் உரிமை. தயங்காமல் கேளுங்கள்.

ஃபிஷ் பாசிட்டிவ் என்று வந்தால், அம்மாவுக்கு இருப்பது ஹெர்-2 பாசிட்டிவ் வகை. முப்பது வருடத்துக்கு முன்பு இந்த ரிப்போர்ட்டைப் பார்த்தால் டாக்டர்களே கவலைப்படுவார்கள். 1998-ல் ட்ராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஹெர்-2 புரதத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்க வைக்கும் மருந்து அது. ஆரம்ப நிலை நோயில் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது, புற்றுநோயால் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. முன்பு இதன் விலை நடுத்தரக் குடும்பத்தைக் கடனில் தள்ளிவிடும். இப்போது இந்தியக் கம்பெனிகளே இதே மருந்தின் பயோசிமிலர் (மூல மருந்தைப் போலவே வேலை செய்யும்) வடிவத்தைத் தயாரிப்பதால் விலை நிறையவே இறங்கியிருக்கிறது. கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கீமோவையும் இந்த ஊசியையும் முதலில் கொடுத்து, கட்டியைச் சுருக்கி, பிறகு ஆபரேஷன் செய்வோம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று மொத்தம் ஒரு வருடம் இந்த ஊசி போகும். இதயத்தைச் சிலருக்குப் பாதிக்கும் என்பதால் ஆரம்பிக்கும் முன் எக்கோ (இதய ஸ்கேன்), அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ. அம்மாவுக்கு பிபியோ சுகரோ இருந்தால் இப்போதே கட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

ஃபிஷ் நெகட்டிவ் என்று வந்தால்தான் ட்ரிபிள் நெகட்டிவ். மேலை நாடுகளைவிட நம் நாட்டில் இந்த வகை அதிகம், மார்பகப் புற்றுநோய் வரும் பெண்களில் கால் பங்குக்கும் மேல். உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. இது வேகமாக வளரும், மாத்திரையோ ஹெர்-2 ஊசியோ இதற்குப் பயன்படாது. அவர் சொல்லாமல் விட்டது, வேகமாகப் பெருகும் செல்கள்தான் கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும் என்பது. கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தையும் சேர்த்து ஆபரேஷனுக்கு முன்பே கீமோ கொடுத்தால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு, வெட்டி எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது உயிருள்ள புற்றுநோய்ச் செல் எதுவுமே இருப்பதில்லை. அப்படி வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் திரும்ப வருவதில்லை. பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தையும் சேர்த்தால் பலன் இன்னும் கூடுகிறது. ஆனால் அதன் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு இன்று எட்டாதது. அது இல்லாவிட்டால் அம்மாவுக்குச் சிகிச்சையே இல்லை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். கீமோதான் இங்கே முதுகெலும்பு.

ஆபரேஷனை முதலில் செய்ய வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கட்டி உள்ளே இருக்கும்போது கீமோ கொடுத்தால், மருந்து வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். முடிவில் மிச்சம் இருந்தால் அதற்கேற்ற அடுத்த மருந்து இருக்கிறது: ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் ட்ராஸ்டுசுமாபோடு கீமோ மருந்தை இணைத்த ஊசி, ட்ரிபிள் நெகட்டிவ் என்றால் கேபசிடாபின் மாத்திரை, பரம்பரையாக வரக்கூடிய பிஆர்சிஏ மரபணு மாற்றம் இருந்தால் ஓலாபரிப் மாத்திரை. கட்டியை முதலிலேயே எடுத்துவிட்டால் இந்தத் தகவல் நமக்குக் கிடைக்காமலே போய்விடும். முதலில் கீமோ என்றதும் பல குடும்பங்கள் 'ஆபரேஷன் செய்ய முடியாத நிலையா' என்று கலங்கிப் போகிறார்கள். அப்படியில்லை. ஆபரேஷனுக்கு முன்பே சிகிச்சை தொடங்குவது சென்னைக்குப் புதிதும் இல்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் பெரிய கட்டிகளுக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்த முறையைக் கையாண்டார்கள். கீமோ தொடங்கும் முன் கட்டிக்குள் ஒரு சின்ன உலோக கிளிப் வைக்கச் சொல்லுங்கள். கட்டி கரைந்து காணாமல் போனால், எங்கே இருந்தது என்று சர்ஜனுக்கு அதுதான் காட்டும். அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். வகை எவ்வளவு முக்கியமோ, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும் அவ்வளவு முக்கியம்.

குணமாவதைப் பற்றி. ட்ரிபிள் நெகட்டிவ் திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள் வரும். ஐந்து வருடம் தாண்டிவிட்டால் ஆபத்து நன்றாகக் குறைந்துவிடுகிறது. ஹார்மோன் பாசிட்டிவ் நேர்மாறு. ஆரம்பத்தில் அமைதியாக இருந்து பத்து, பதினைந்து, இருபது வருடம் கழித்தும் சிலருக்குத் தலை காட்டும். அதனால் அத்தையிடம், டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொல்லுங்கள். ஆறு வருடம் ஆயிற்றே, இன்னும் எதற்கு என்று நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய.

அம்மாவுக்கு ட்ரிபிள் நெகட்டிவ் என்று உறுதியானால் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை அவசியம். ரத்தத்திலேயே செய்யலாம். இந்த வகை வந்த பெண்களில் பத்தில் ஒருவர் இருவருக்கு அந்த மாற்றம் இருக்கும். அத்தை உங்கள் அப்பாவுடன் பிறந்தவர் என்றால் அம்மாவுக்கு ரத்த உறவு இல்லை. அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களா? அப்படியென்றால் கணக்கு மாறும், டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அம்மாவுக்குப் பாசிட்டிவ் வந்தால் நீங்களும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் இருக்கின்றன. எங்கே போனாலும் சர்ஜனோடு நிற்காமல், கீமோ கொடுக்கும் மெடிக்கல் ஆங்காலஜிஸ்ட் ஒருவரையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். முள் சீத்தா இலைக் கஷாயம் கொடு என்று யாராவது சொல்வார்கள். கீமோ நடக்கும்போது எந்தக் கஷாயமும் வேண்டாம், வீட்டுச் சாப்பாடு போதும்.

கடைசியாக, அம்மாவிடம் சொல்வது. ஏன் மறைத்தீர்கள் என்று புரிகிறது, பாசத்தில்தான். ஆனால் 52 வயதுப் பெண்மணிக்கு முடி கொட்டும், மூன்று வாரத்துக்கு ஒரு முறை டிரிப் ஏறும், வார்டில் சுற்றிலும் இருப்பவர்கள் பேசிக்கொள்வார்கள். சாதாரணக் கட்டி என்று எத்தனை நாள் சொல்ல முடியும்? ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப் போவதும் அவர்தான். வேறு யார் வாயாலோ தெரிந்துகொண்டால் நோயைவிட அதுதான் அவருக்கு அதிகம் வலிக்கும். ஃபிஷ் முடிவு வந்து சிகிச்சைத் திட்டம் கைக்கு வந்ததும், முதல் கீமோவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். உங்களால் வாய் திறக்க முடியவில்லையென்றால் டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். என்ன நோய் என்பதோடு, என்ன மருந்து, எத்தனை மாதம், ஆபரேஷன் எப்போது என்பதையும் அதே பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்கு அவசரப்படாமல் பதில் கிடைக்கும்படி, கூட்டம் குறைவான நேரத்தில் அப்பாயின்ட்மென்ட் கேட்டு வாங்குங்கள்.