மாய உலகில் சேலைக்கடை போடலாமா?

கேள்வி: வெள்ளவத்தை காலி வீதியில் சேலைக்கடை வைத்திருக்கிறேன். கொள்ளுப்பிட்டி ஹோட்டலில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போய்வந்த மகன், மெட்டாவேர்ஸ் என்கிற, கணினிக்குள் உலாவும் மாய உலகில் இடம் வாங்கிக் கடை திறக்க எட்டு இலட்சம் ரூபாய் கேட்கிறான். "இப்ப பிடிக்காட்டி பிறகு இடமே கிடைக்காது அப்பா" என்கிறான். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் ஐயா. மகனோடு சண்டையும் பிடிக்க வேண்டாம். அவர் கேட்டுவந்த கதையில் பெரிய பெரிய கொம்பனிகளே மயங்கியிருக்கின்றன.

2003இல் 'செகண்ட் லைப்' என்றோர் இணைய உலகம் தொடங்கியது. அதற்குள் நிலம் வாங்கி விற்றுப் பணக்காரியான ஒரு பெண்ணின் மாய உருவத்தை, அதாவது அங்கே அவருக்குப் பதிலாக உலாவும் பொம்மையை, 2006இல் பிஸ்னஸ்வீக் சஞ்சிகை அட்டையில் போட்டது. அதே வருடம் ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் உள்ளே கிளை திறந்து நிருபரையும் இருத்தியது. செய்தி சொல்ல வேண்டியவர்களே அங்கே குடியேறினால் கேள்வி கேட்பது யார்? கணினிக் கொம்பனியான ஐ.பி.எம். அதற்குள் தீவு வாங்கியது. 2007இல் மாலைதீவும் சுவீடனும் தூதரகம் திறந்தன. 'குடியிருப்பாளர்' தொகை என்று விளம்பரத்தில் அடிபட்ட எண்ணில், ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களும் அடக்கம்.

உங்களுக்கு உதவக்கூடிய உதாரணம் அமெரிக்கன் அப்பரல் என்கிற உடுப்புக் கொம்பனி. 2006இல் அங்கே துணிக்கடை போட்டு அடுத்த வருடமே பூட்டியது. ஆனால் அங்கேயே பொழுதைக் கழித்த சாதாரண ஆட்கள், மாய உருவங்கள் உடுத்தும் சட்டைகளைத் தாங்களே வரைந்து விற்றுச் சம்பாதித்தார்கள். உங்கள் காஞ்சிபுரத்தை அந்த உருவம் உடுத்தாது. தொட்டுப் பார்த்து, கரையைப் பிரித்துப் பார்த்து வாங்குகிற அக்காமாருக்கும் அங்கே வேலையில்லை.

2021 ஒக்டோபரில் பேஸ்புக் கொம்பனி மெட்டாவேர்ஸ்தான் எதிர்காலம் என்று தன் பெயரை மெட்டா என்று மாற்றியதும் அதே கூத்து மறுபடி. நாங்கள் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டையும் கண்ட 2022இல், அந்த உலகத்தையும் அதைப் பார்க்கத் தலையில் மாட்டும் கண்ணாடிகளையும் செய்யும் மெட்டாவின் பிரிவுக்கு 1,370 கோடி டொலர் நட்டம். 2023 மார்ச்சில் டிஸ்னி தன் மெட்டாவேர்ஸ் பிரிவைக் கலைத்தது.

மாய உலகங்களுக்கு ஆட்களே போவதில்லை என்று சொல்ல மாட்டேன். ரொப்லொக்ஸ் என்கிற இணைய விளையாட்டுத் தளத்தில் கோடிக்கணக்கான பிள்ளைகள் விளையாடுகிறார்கள். விளையாடப் போகிறார்கள், கூறைச்சேலை எடுக்க அல்ல.

"இடம் கிடைக்காது" என்கிற வெருட்டு இருக்கிறதே, அதுதான் எனக்குக் கோபம். வெள்ளவத்தையில் இனி ஒரு பேர்ச் காணியைக் கூட்ட முடியாது. கணினியில் இன்னொரு தெருவை நாளைக்கே போடலாம். போடமாட்டோம் என்பது விற்பவரின் வாய்ச்சொல் மட்டும்.

மகனிடம் சொல்லுங்கள்: அந்த இடத்தை விற்கிற கொம்பனிக்காரரைச் சனிக்கிழமை பின்னேரம் கடைக்கு வரச் சொல்லி, அந்தத் தெருவை உங்கள் முன்னால் திறந்து காட்டட்டும். எத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்று நீங்களே எண்ணுங்கள். ஏற்கெனவே கடை போட்டவர் ஒருவரின் விற்பனைக் கணக்கையும் கேளுங்கள்.

பிள்ளையின் ஆர்வத்தை வீணாக்காதீர்கள். நல்ல வெளிச்சமும் போன் ஸ்டாண்டும் வாங்கிக் கொடுத்து, ரொறன்ரோவிலும் லண்டனிலும் கலியாணத்துக்குச் சேலை தேடுகிறவர்களுக்கு வட்ஸ்அப் வீடியோவில் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டும் பொறுப்பை ஒப்படையுங்கள். அங்கத்தைய நேரத்துக்கு இரவில் விழித்திருக்க வேண்டிவரும். அதற்குச் சம்மதமா என்று முதலில் கேளுங்கள்.