பதினேழாவது ஸ்லைடை முதலில் காட்டுங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மாதாமாதம் இயக்குநர்கள் கூட்டத்தில் பவர்பாயிண்ட் போட்டுப் பேச வேண்டும். எழுந்து நின்றதுமே குரல் நடுங்குகிறது. ஸ்லைடைப் பார்த்து வாசித்துவிடுகிறேன். பாதியிலேயே ‘விஷயத்துக்கு வாம்மா’ என்கிறார்கள். நெல் உலர்த்தும் இயந்திரம் வாங்கலாம் என்று போன மாதம் பேசியபோதும் இதேதான் நடந்தது. நன்றாகப் பேச என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் அனுப்பிய 22 ஸ்லைடுகளையும் பார்த்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் நிறுவனம் தொடங்கிய கதை, உறுப்பினர் எண்ணிக்கை, வரவு செலவு எல்லாம் தாண்டி 17ஆவது ஸ்லைடில்தான் இயந்திரமே வருகிறது. அதன் தலைப்பு ‘ஈரப்பத மேலாண்மையில் உள்ள சவால்கள்’. உங்கள் இயக்குநர்கள் விவசாயிகள். நெல்லைக் கடித்துப் பார்த்தே பதம் சொல்பவர்கள். அவர்கள் வீட்டில் ‘காய்ச்சல் பத்தலைன்னு மூட்டையைத் திருப்பிட்டாங்க’ என்றுதான் பேச்சு. நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்:

‘கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் வரைதான் எடுப்பார்கள். அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால் நம் நெல் 20க்கு மேல் நிற்கிறது. ரோட்டில் கொட்டிக் காயவைத்துக் காவல் கிடக்கிறோம். இயந்திரம் வாங்க இன்று உங்கள் சம்மதம் வேண்டும்.’

அரை நிமிடம்கூட ஆகாது. என்ன கேட்க வந்திருக்கிறீர்கள் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். ஈரப்பதமானியும் இரண்டு கைப்பிடி நெல்லும் எடுத்துப் போங்கள். ஒன்று ஈரம், ஒன்று காய்ந்தது. அவர்கள் கையிலேயே கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். பத்து ஸ்லைடு செய்யாததை அது செய்யும்.

சரி, ‘காய வைத்தால் எடை குறையுமே?’ என்று ஒருவராவது கேட்பார். பதில் தாளில் தயாராக இருக்கட்டும்: 20 சதவீத ஈரமுள்ள 40 கிலோ மூட்டையை 17க்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ குறையும். அதை மறைக்காமல், திருப்பி அனுப்பப்பட்ட மூட்டைக்கு ஆகும் வண்டிக்கூலியையும் காத்துக்கிடக்கும் நாட்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இப்படிக் கூட்டத்துக்கு முன்பே ஐந்து கேள்விகளை எழுதிப் பார்த்துவிட்டால், கேள்வி என்றதும் வரும் பயம் பெரும்பாலும் போய்விடும்.

எண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆனால் நம் ஊர் டீக்கடையில் ‘இன்னைக்கு எத்தனை அடி?’ என்றுதான் கேட்பார்கள். 120 அடி எல்லோருக்கும் மனப்பாடம். கேட்பவர் எந்த அளவில் யோசிக்கிறாரோ அந்த அளவில் சொல்ல வேண்டும். உங்கள் ஸ்லைடில் ‘ஹெக்டேருக்கு 6 டன்’ என்று இருக்கிறது. மூன்று மா ஓர் ஏக்கர் என்று கணக்குப் போடுகிறவர்களிடம் ‘மாவுக்கு 800 கிலோ, 60 கிலோ மூட்டையில் 13’ என்று சொல்லிப் பாருங்கள். வங்கி மேலாளர் வரும் நாளில் ஹெக்டேர் கணக்கே இருக்கட்டும்.

நடுக்கம் முதல் ஒரு நிமிடம்தான். அதனால் முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். முழுவதையும் செய்தால், ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் எல்லாம் கலைந்துவிடும். முந்தைய நாள் நின்றுகொண்டு, வாய்விட்டு, மூன்று முறை பேசிப் பாருங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. போனில் பதிவு செய்து கேட்டால் எங்கே அவசரப்படுகிறீர்கள் என்று தெரியும். பேசத் தொடங்கும் முன் ஒரு மூச்சை மெதுவாக வெளியே விட்டு, கடைசி வரிசையில் இருப்பவரைப் பார்த்து ஆரம்பியுங்கள். மின்விசிறி இரைச்சலில் அவருக்குக் கேட்டால் எல்லோருக்கும் கேட்கும்.

ஸ்லைடு ஓடும்போது கீபோர்டில் ‘பி’ எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகும். எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். மறுபடி அழுத்தினால் படம் வந்துவிடும். எழுத்துகள் யூனிகோடில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் அத்தனையும் குழம்பிவிடும். அப்புறம், முக்கியமான இரண்டு பக்கங்களை அச்செடுத்து ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் நடுவே கரண்ட் போனாலும் நீங்கள் நிறுத்தாமல் பேசலாம்.