பிரேக் ஹோஸ்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி (டாக்சி ஓட்டும் தம்பி, ரங்கூன்): அண்ணே, என் டொயோட்டா புரோபாக்ஸ் காரில் பிரேக்கை விட்ட பிறகும் முன் இடது சக்கரம் பிடித்தபடியே இருக்கிறது. கையை வைத்தால் சுடுகிறது. காலிப்பரை, அதாவது சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பாகத்தை, மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: தம்பி, காலிப்பர் வாங்க அவசரப்படாதே. பிரேக் ஆயிலைக் காலிப்பருக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்தான் ஹோஸ். அதன் உள் ரப்பர் ஊதினாலோ கிழிந்தாலோ வழி அடைபடும். நீ அழுத்தும்போது கால் பலத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வர வழி இருக்காது. வெளியே பார்த்தால் ஹோஸ் புதிது போலவே தெரியும்.

கண்டுபிடிப்பது எளிது. வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்து. பிரேக்கை நன்றாக மிதித்துவிட்டுக் காலை எடு, சக்கரம் பிடித்தபடியே நிற்கும். இப்போது பாடியிலிருந்து வரும் இரும்புக் குழாயும் ஹோஸும் சேரும் நட்டைக் கொஞ்சம் தளர்த்து. சக்கரம் விட்டால் கோளாறு மேலே, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடவில்லையா? காலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியே விட இருக்கும் சிறு திருகான நிப்பிளைத் திற. ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விட்டால் குற்றவாளி ஹோஸ். அப்போதும் விடவில்லை என்றால்தான் காலிப்பருக்குள் ஆயில் தள்ளும் பிஸ்டனோ, காலிப்பர் நகரும் பின்னோ இறுகியிருக்கிறது. பார்த்து முடித்ததும் நட்டை இறுக்கி, குழாய்க்குள் புகுந்த காற்றெடுக்க மறக்காதே.

கேள்வி (மோல்மீன்): ஹோஸின் மேல் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. ஒழுகல் இல்லை. இன்னும் ஒரு மழைக்காலம் ஓட்டலாமா?

பதில்: வேண்டாம், மாற்றிவிடுங்கள். மேல் ரப்பருக்குக் கீழே நூல் பின்னல் இருக்கிறது, அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். வெடிப்பு வழியாக உங்கள் ஊர் மழைத் தண்ணீரும் சேறும் அதைத்தான் போய்ச் சேரும். ஹோஸை விரலால் வளைத்து, வெடிப்பு எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். நூல் தெரிந்தால் அந்த வண்டியை எடுக்கவே கூடாது. ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு ஹோஸைக் கவனியுங்கள், எங்காவது குமிழ் போலப் புடைத்தாலும் அப்படித்தான். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, டயரில் உரசிய தடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இங்கே பர்மாவில் ஓடுவதில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடி முடித்து வந்த வண்டிகள். ஹோஸ் அங்கே எத்தனை வருடம் கிடந்ததென்று யாருக்கும் தெரியாது. 1970-லிருந்து நாம் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம், இந்த வண்டிகளின் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. முன்னால் போகும் லாரியைத் தாண்ட மூக்கை நீட்டிப் பார்த்து, எதிரே பஸ் வந்தால் சட்டென்று மிதிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு மிதிக்குத் தாங்காத ஹோஸ் எதற்கு?

கேள்வி (தட்டோன்): வழியில் பிரேக் ஆயில் குறைந்தால் இன்ஜின் ஆயில் ஊற்றலாமா?

பதில்: ஒரு சொட்டுகூடக் கூடாது. ஹோஸ், சீல் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

கேள்வி (பெகு): ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: முன்னால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டுக்கும் ஒரே வயது.

கேள்வி (ரங்கூன்): நானே மாற்றப் போகிறேன். எதில் கவனம்?

பதில்: பழைய ஹோஸைக் கழற்றுமுன் இரும்புக் குழாயின் நட்டில் துரு நீக்கும் ஆயில் அடித்து ஒரு இரவு விடுங்கள். சாதாரண ஸ்பானர் நட்டின் முனையை மழுக்கிவிடும், பிரேக் குழாய்க்கென்று இருக்கும் ஸ்பானரை எடுங்கள். காலிப்பர் பக்கத்து போல்ட் பிடிக்கும் ஹோஸ் முனைக்கு மேலும் கீழும் புதுச் செம்பு வாஷர்தான் போட வேண்டும், பழையது ஒழுகும். ஹோஸ் முறுக்கக் கூடாது. மேலே நீளக் கோடு இருந்தால் அது நேராக ஓட வேண்டும். ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பைத் திரும்பப் பூட்டுங்கள். காலிப்பரைக் கழற்றினால் ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். ஆயில் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி (ஒரு பெரியவர், பழைய மெக்கானிக்): ஹோஸ் உள்ளே அடைபடுவதெல்லாம் கதை, தம்பி. நாற்பது வருடத்தில் நான் பார்த்ததெல்லாம் துருப்பிடித்த பிஸ்டன்தான்.

பதில்: ஐயா, பிஸ்டன்தான் அதிகம் இறுகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன மாதம் கழற்றிய ஒரு ஹோஸை நீளவாக்கில் பிளந்து மேசையில் வைத்திருக்கிறேன். உள் ரப்பர் நாக்கு போலக் கிழிந்து வழியை மறித்து நிற்கிறது. ஒரு பக்கம் வாய் வைத்து ஊதினால் காற்று போகிறது, மறு பக்கம் ஊதினால் போகவில்லை. அந்த வண்டிக்கு ஏற்கெனவே இரண்டு முறை காலிப்பர் மாற்றியிருந்தார்கள். உங்கள் அனுபவத்தைக் குறைவாகச் சொல்லவில்லை ஐயா. நிப்பிளைத் திறந்து பார்க்காமல் பிஸ்டன் என்று முடிவு கட்டுவதைத்தான் நான் ஏற்கவில்லை.

அதே பெரியவர்: நிப்பிளைத் திறந்தால் பிஸ்டனும்தானே விடும்?

பதில்: அழுத்தம் தேங்கி நின்றால் விடும் ஐயா. துருவில் இறுகிய பிஸ்டன் நிப்பிளைத் திறந்தாலும் அசையாது. இரண்டுக்கும் வித்தியாசமே அதுதான்.

கேள்வி (மாண்டலே): வெளியே நன்றாக இருக்கிறது, உள்ளே கெட்டிருக்குமா?

பதில்: டாக்சித் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (ரங்கூன்): ஏசி குளிரவில்லை.

பதில்: அது என் வேலை இல்லை, ஏசி பார்ப்பவரிடம் போங்கள்.

கேள்வி (மோல்மீன்): ஒழுகும் ஹோஸில் டேப் சுற்றலாமா?

பதில்: கூடாது. காலிப்பரை அதில் தொங்கவிடவும் கூடாது, இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (பெகு): புது ஹோஸ் போட்ட பிறகு பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. நாளை பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்கு வண்டியைப் பூசைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பதில்: உள்ளே காற்று இருக்கிறது. டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொண்டு, மிதித்துப் பிடி, நிப்பிளைத் திற, மூடு, காலை எடு என்று குமிழ் நிற்கும்வரை செய்யுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரானால் பெடலை அடிவரை மிதிக்க வேண்டாம், கீழே ஒரு கட்டையை வையுங்கள். பெடல் கெட்டியாக நிற்காவிட்டால் வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள். பூசையை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.