200 டிகிரி காட்டும் கன்ட்ரோலர், கருகும் பிளாஸ்டிக்

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் சின்ன பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். மெஷினுக்குப் புதிதாக பி.ஐ.டி. டெம்பரேச்சர் கன்ட்ரோலர்கள் (ஹீட்டரை இயக்கி வெப்பத்தைக் குறித்த அளவில் வைப்பவை) போட்டோம். ஒரு ஜோனில் (தனி ஹீட்டர் உள்ள பகுதி) 200 டிகிரி காட்டும்போதே மெட்டீரியல் கருகுகிறது. இன்னொன்றில் ஹீட்டர் கான்டாக்டர் (காயிலால் இயங்கும் பவர் ஸ்விட்ச்) விழும்போதெல்லாம், அதாவது ஆஃப் ஆகும்போதெல்லாம், ரீடிங் குதிக்கிறது. கன்ட்ரோலரை மாற்றிவிடலாமா சார்?

பதில்: அவசரப்பட வேண்டாம். இரண்டுக்கும் பெரும்பாலும் வயரிங்கோ செட்டிங்கோதான் காரணமாக இருக்கும். மெயின் சப்ளையை ஆஃப் செய்து, மல்டிமீட்டரால் சரிபார்த்த பிறகே பேனலில் கை வையுங்கள்.

முதலில் கருகும் ஜோன். கன்ட்ரோலரில் சென்சார் வகை சரியாக செட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கே டைப் தெர்மோகப்பிளை (இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்த வெப்ப சென்சார்) மாட்டிவிட்டு ஜே டைப் என்று செட் செய்தால், 200 காட்டும்போது நிஜத்தில் 260 பக்கம் போயிருக்கும்.

அது சரியாக இருந்தால், மெஷினிலிருந்து பேனல் வரை என்ன வயர் வருகிறது என்று பாருங்கள். நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து, அங்கிருந்து சாதாரண தாமிர வயரை இழுத்துவிடுவது பட்டறைகளில் சகஜம். கன்ட்ரோலர் தன் டெர்மினலின் வெப்பத்தை அளந்து, அதைத் தெர்மோகப்பிள் தரும் அளவோடு கூட்டிக்கொள்கிறது. தாமிரம் ஜங்ஷன் பாக்ஸிலேயே தொடங்கிவிட்டால் கூட்ட வேண்டியது அந்த பாக்ஸின் வெப்பத்தை. பேரலுக்குப் (பிளாஸ்டிக் உருகும் குழாய்) பக்கத்தில் பாக்ஸ் 60 டிகிரி, பேனல் 35 டிகிரி என்றால் ரீடிங் 25 டிகிரி குறையும். எனவே சென்சாருக்கு ஏற்ற காம்பன்சேட்டிங் கேபிளை (சென்சார் கம்பி போலவே செயல்படும் கேபிள்) டெர்மினல் வரை கொண்டுவாருங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் வாங்கும்போது டைப்பைச் சொல்லிக் கேளுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்: அமெரிக்க முறையில் சிவப்புதான் நெகட்டிவ், ஐ.இ.சி. என்னும் சர்வதேச முறையில் கே டைப்புக்குப் பச்சை பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். கே டைப் சென்சாரின் சொந்தக் கம்பிகளில் காந்தம் ஒட்டுவது நெகட்டிவ்.

அடுத்து, குதிக்கும் ரீடிங். கே டைப்பில் ஒரு டிகிரிக்கு வருவதே சுமார் 41 மைக்ரோவோல்ட். ஒரு மில்லிவோல்ட் மின் இரைச்சல் நுழைந்தாலே 25 டிகிரி தவறு. சென்சார் கேபிளும் ஹீட்டர், மோட்டார் கேபிள்களும் ஒரே டக்டில் ஓடினால் பிரித்துவிடுங்கள். குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். ஸ்க்ரீன் (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) உள்ள கேபிளில் ஸ்க்ரீனைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். இரு முனையிலும் எர்த் செய்தால் ஸ்க்ரீன் வழியாகவே கரண்ட் சுற்றும்.

கான்டாக்டர் விழும்போது குதிக்கிறது என்கிறீர்களே, அந்தக் காயிலுக்குக் குறுக்கே ஒரு ஸ்னப்பர் (திடீர் வோல்டேஜ் ஏற்றத்தை அடக்கும் சர்க்யூட்) போட்டுப் பாருங்கள். 230 வோல்ட் ஏ.சி. காயிலுக்கு 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக வைப்பது வழக்கம். கெப்பாசிட்டர் எக்ஸ்2 வகையாக (மெயின் சப்ளைக்குக் குறுக்கே போடத் தகுந்தது) இருக்கட்டும். டி.சி. காயிலுக்கு ரிவர்ஸ் டயோடு போதும்.

கான்டாக்டருக்குப் பதில் எஸ்.எஸ்.ஆர். (அசையும் பாகமில்லாத எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) போடலாம் என்று யாராவது சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாமல் போடாதீர்கள். எஸ்.எஸ்.ஆர். கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகியே கெடும். அப்போது கன்ட்ரோலர் ஆஃப் சொன்னாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். அதனால் தனி சென்சாரோடு ஒரு ஓவர்-டெம்பரேச்சர் கட்-அவுட் வைத்து, அது எஸ்.எஸ்.ஆருக்கு முன்னால் சப்ளையில் உள்ள ஒரு கான்டாக்டரை விழச் செய்யும்படி லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் வயர் செய்யச் சொல்லுங்கள்.