ஊரில் சென்டம், இங்கே குவிஸில் 20-க்கு 11

தம்பி, தொண்டியிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, பத்தாம் வகுப்பில் கணக்கில் சென்டம் வாங்கிய மகள் இங்கே ஏபி (AP, பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (புள்ளியியல்), ஏபி கால்குலஸ் (நுண்கணிதம்) குவிஸ்களில் பாதி மார்க்தான் வாங்குகிறாள், டியூஷன் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். நான் மண்டபத்துக்காரன், நியூஜெர்சிக்கு வந்து 16 வருடம். என் மகளும் முதல் மாதம் 20-க்கு 11 வாங்கிக்கொண்டு வந்து, பேப்பரைப் பைக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தாள்.

அந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். விடை எல்லாம் சரி. 'பி மதிப்பு 0.03, அது 0.05-ஐ விடக் குறைவு, ஆகவே நிராகரிக்கிறோம்' என்று எழுதி முடித்துவிட்டாள். (பி மதிப்பு என்றால், சோதிக்கும் கூற்று உண்மையாக இருந்தால் இந்த அளவோ இதைவிட அதிகமாகவோ விலகிய முடிவு தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு. 0.05 என்பது வழக்கமாக வைக்கும் எல்லை.) பாதி மார்க் போச்சு. எதை நிராகரிக்கிறோம், அதனால் என்ன தெரிகிறது என்று ஒரு வரிகூட இல்லை.

அன்றைக்கு ராத்திரி நண்டுக் கணக்கு ஒன்று போட்டேன். வியாபாரி, 'என் நீலக்கால் நண்டு சராசரி 200 கிராம்' என்கிறான். கூடையிலிருந்து குருட்டாம்போக்கில் 40 நண்டு எடுத்து நிறுத்தால் சராசரி 188, பி மதிப்பு 0.03. இப்போது என்ன சொல்வாய் என்று கேட்டேன். 'வியாபாரி பொய் சொல்றான்னு நிரூபிச்சாச்சு' என்றாள். அதுவும் தப்பு. 'இந்தக் கூடை நண்டுகளின் சராசரி எடை 200 கிராமுக்குக் குறைவு என்பதற்குப் போதிய ஆதாரம் இருக்கிறது' என்று எழுத வேண்டும். நிரூபித்தோம் என்ற பேச்சே இந்தப் பாடத்தில் கிடையாது.

கால்குலஸிலும் அதே கதைதான். லெக்ராஞ்சி தேற்றத்தை (இங்கே மீன் வேல்யூ தியரம் என்பார்கள்) பயன்படுத்தினால், சார்பு தொடர்ச்சியானது, வகையிடத்தக்கது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். நம் பிள்ளைகள் மனசுக்குள் சொல்லிவிட்டு நேராக விடைக்குப் போய்விடுவார்கள். தொட்டியில் தண்ணீர் ஏறும் வேகம் கேட்டால் 'நிமிடத்துக்கு இத்தனை லிட்டர்' என்று அலகும் வேண்டும்.

அப்புறம் கால்குலேட்டர். ஊரில் அதைத் தொட்டாலே திட்டு விழும். இங்கே 2023-ல் என் மகள் எழுதிய கால்குலஸ் தேர்வில் கொள்குறி வினா 45. அதில் 30 கையால், 60 நிமிடம். மீதி 15-க்கு 45 நிமிடம், வரைபடம் போடும் கால்குலேட்டர் இல்லாமல் முடியாது. கையால் போடும் கெட்டிக்காரப் பிள்ளைகள் அங்கேதான் நேரத்தைக் கோட்டைவிடுகிறார்கள். டிஐ-84 என்ற அந்த வகைக் கால்குலேட்டர் பழையதாகக் கிடைத்தாலும் வாங்கிக் கொடுங்கள்.

டியூஷனுக்குப் பதில் ஒன்று செய்யுங்கள். முந்தைய வருடங்களின் விரிவான வினாக்களை, ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. எந்த வரிக்கு எவ்வளவு மார்க் என்ற திருத்தும் குறிப்பும் கூடவே இருக்கும். வாரம் ஒன்று எழுதி, சிவப்புப் பேனாவால் அவளே திருத்தட்டும். சந்தேகம் இருந்தால் பள்ளி விட்டதும் டீச்சரிடம் போய்க் கேட்கட்டும். நீங்கள் போகாதீர்கள், அவளே மெயில் போடட்டும். கேட்டால் மரியாதைக் குறைவு என்று நம் பிள்ளைகள் நினைப்பதுதான் பெரிய சிக்கல்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அவள் எடுத்திருப்பது கால்குலஸ் ஏபி-யா (AB), பிசி-யா (BC)? தேர்வின் பெயரும் ஏபி (AP), அதில் ஒரு பிரிவும் ஏபி (AB), தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே வந்து நிற்கிறது! பிசி என்றால் முடிவிலாத் தொடரும் உண்டு. அதற்கு வேறு மாதிரிப் பயிற்சி வேண்டும், சொல்லுங்கள், எழுதுகிறேன்.