சம்பளத்துக்காக மட்டும் மென்பொருள் துறைக்கு வரலாமா?

வரலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டுக் கடன், தங்கை படிப்பு என்று நிறையப் பேர் அப்படித்தான் வருகிறார்கள். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குப் பிழை தேட உட்கார வைப்பது சம்பளம் அல்ல, ஏன் இப்படி வந்தது என்ற அரிப்பு. (கேம் பிடிக்கும் என்பதெல்லாம் காரணமே இல்லை, சாப்பிடப் பிடிப்பதும் சமைக்கப் பிடிப்பதும் ஒன்றா?)

அந்த அரிப்பு உங்களுக்கு உண்டா என்று கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்பே பார்த்துவிடலாம். கணினிக்குக் கட்டளை எழுதும் மொழியான பைத்தானை இலவசமாக இறக்கி, 0.1 + 0.2 என்று அடியுங்கள். 0.3 வராது, 0.30000000000000004 வரும். தசமத்தில் 1/3 எப்படி 0.333... என்று முடியாமல் ஓடுகிறதோ, அப்படியே கணினி பயன்படுத்தும், 0, 1 மட்டுமே உள்ள இரும முறையில் 0.1 முடிவதில்லை. கணினி அதை 53 பிட்டுக்குள், அதாவது 53 இரும இலக்கத்துக்குள், சுருக்கிக்கொள்கிறது. சுருக்கியதில் வந்த பிசகுதான் கடைசியில் நிற்கும் அந்த 4. பில் போடும் மென்பொருளில் தொகையைப் பைசாவாக, முழு எண்ணாக வைக்கும் வழக்கம் இதனால்தான்.

இப்போது 0.5 + 0.25 சரியாக வருமா என்று அடித்துப் பார்க்கக் கை துறுதுறுக்கிறதா? தாராளமாக வாருங்கள். எரிச்சல்தான் வந்தது என்றால், அடுத்த வாரம் வீட்டுப் பால் கணக்குக்கு ஒரு சின்ன நிரல் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.