வயிற்றுக் குழந்தைக்கு ரத்தசோகை: மூளையைப் பாதிக்குமா?

எனக்கு ஓ நெகட்டிவ். இரண்டாவது கர்ப்பம், 28 வாரம். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் ஐ.சி.டி. டெஸ்ட் 1:128. டாப்ளர் ஸ்கேனில் எம்.சி.ஏ. வேகம் 61 என்று எழுதி, குழந்தைக்கு உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். மூளையில் அடைப்பா? – வாசகி, திண்டுக்கல்

அடைப்பு இல்லை. எம்.சி.ஏ. என்பது மூளைக்குப் போகும் ஒரு முக்கியத் தமனி. உங்கள் ரத்தம் நெகட்டிவ், குழந்தையுடையது பாசிட்டிவ் என்பதால் உங்கள் உடலில் உருவான எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கிறது. சிவப்பணு குறைந்தால் ரத்தம் நீர்த்துப்போகும், இதயமும் அதிகமாக இறைக்கும். அதனால்தான் வேகம் கூடுகிறது. 28 வாரத்தில் சராசரி, நொடிக்கு 37 செ.மீ. அதன் ஒன்றரை மடங்கான 55-ஐத் தாண்டினால் ரத்தசோகை கணிசமாக இருக்கலாம் என்று சந்தேகிப்போம். குழந்தை துள்ளிக்கொண்டிருக்கும்போது எடுத்த அளவை நம்ப முடியாது. அசையாதபோது இரண்டு மூன்று முறை எடுத்தார்களா என்று கேளுங்கள்.

மூளைக்கு ஆபத்து எப்போது? தொடக்கத்தில் குழந்தையின் உடல் மற்ற உறுப்புகளின் பங்கைக் குறைத்தாவது மூளைக்கு ரத்தத்தை அனுப்பிச் சமாளிக்கும். ஹீமோகுளோபின் ஏறக்குறைய 5-க்கும் கீழே இறங்கி, இதயம் சோர்ந்து, வயிற்றிலும் நெஞ்சிலும் தோலுக்கடியிலும் நீர் கோர்த்துவிட்டால் அந்தச் சமாளிப்பு உடையும். இதை ஹைட்ராப்ஸ் என்கிறோம். ஆக்ஸிஜன் போதாமல் மூளையின் வெள்ளைப் பகுதி சேதமாகலாம், ரத்தக்கசிவும் வரலாம். நெதர்லாந்தின் லைடன் நகரில், கருவிலேயே ரத்தம் ஏற்றப்பட்ட 291 பிள்ளைகளைப் பள்ளி வயதில் சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். நரம்பு வளர்ச்சிக் குறை இருந்தது 4.8 சதவீதத்தினருக்கே. கடும் ஹைட்ராப்ஸ் வந்தவர்களுக்குத்தான் அந்த ஆபத்து கூடுதல். ஆகவே நீர் கோர்ப்பதற்கு முன் ஏற்றிவிட வேண்டும். அமாவாசை போகட்டும், அஷ்டமி கழியட்டும் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏற்றும் முறை இதுதான். உங்கள் வயிற்றில் மரப்பு ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடி மெல்லிய (20 அல்லது 22 கேஜ்) ஊசியைத் தொப்புள்கொடி நஞ்சுக்கொடியில் சேரும் இடத்தில் உள்ள சிரைக்குள் செலுத்துவார்கள். கொடி அங்கே ஆடாது. குழந்தை அசையாமலிருக்கவும் பெரும்பாலும் மருந்து தருவார்கள். முதலில் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் பார்த்த பிறகே ஏற்றுவது. ரத்தம் ஓ நெகட்டிவாக, உங்கள் ரத்தத்தோடு கிராஸ்மேட்ச் ஆனதாக (பொருந்துகிறதா என்று சோதித்ததாக), கதிர்வீச்சு கொடுத்ததாக, ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 75-85 என்ற அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால்தான் குறைந்த அளவு போதும்: 1,100 கிராம் குழந்தைக்கு ஹெமட்டோகிரிட்டை 20-லிருந்து 40-க்கு உயர்த்த ஏறக்குறைய 44 மி.லி. நீர் கோர்த்த குழந்தைக்கு ஒரேயடியாக உயர்த்தக் கூடாது, இதயம் தாங்காது. பாதி இன்று, மீதி இரண்டு நாள் கழித்து.

ஊசி தமனியில் பட்டால் அது சுருங்கி இதயத்துடிப்பு சட்டென்று இறங்கலாம். அவசர சிசேரியனுக்கும் வசதியுள்ள இடத்தில் செய்யச் சொல்வது அதற்காகத்தான். அழிவு தொடர்வதால் ஒரு முறை ஏற்றினால் போதாது. பெரும்பாலும் இரண்டு வாரத்தில் மறுபடி தேவைப்படும். பிரசவம் 37-38 வாரத்தில். ஹைட்ராப்ஸ் வந்திருந்தால் 30 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேளுங்கள்.

எனக்கு ஹீமோகுளோபின் 7.5. குழந்தைக்கும் இதே கதியா? – வாசகி, ஆரணி

இது வேறு பிரச்சினை. தாய்க்கு இரும்புச்சத்து குறைந்தாலும் நஞ்சுக்கொடி குழந்தைக்கு முன்னுரிமை கொடுத்து இழுத்துக்கொள்ளும். மேலே சொன்னதுபோலக் குழந்தையின் ரத்தம் அழிவதில்லை. ஆனால் குறைமாதம், எடைக் குறைவு, குழந்தையின் இரும்புச் சேமிப்புக் குறைவு ஆகியவை வரலாம். 7.5 என்பது அலட்சியப்படுத்தும் எண் அல்ல. ஏழாம் மாதம் தாண்டியிருந்தால் மாத்திரைக்குக் காத்திருக்காமல் இரும்பு ஊசியை டிரிப்ஸில் ஏற்றச் சொல்வார்கள். மாத்திரை என்றால் டீ, காபி, கால்சியம் மாத்திரையோடு சேர்க்காதீர்கள்.

ஆன்டி-டி ஊசி போட்ட பிறகு ஐ.சி.டி. பாசிட்டிவ் வந்திருக்கிறதே? – வாசகி, தென்காசி

ஆன்டி-டி என்பது எதிர்ப்புப் பொருள் உருவாகாமல் தடுக்க நெகட்டிவ் தாய்க்குப் போடும் ஊசி. அந்த மருந்தே டெஸ்டில் தெரியும், வழக்கமாக 1:4-க்குள். ஊசிக்கு முன் நெகட்டிவ் என்றால் பயம் வேண்டாம், அளவு ஏறுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே எதிர்ப்புப் பொருள் உருவாகிவிட்டவர்களுக்கு இந்த ஊசி பயன்படாது. கருக்கலைப்பு, குழாய்க் கர்ப்பம் ஆனாலும் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

கருவில் ரத்தம் ஏற்றிய குழந்தை பிறந்த பிறகு? – வாசகர், காரைக்கால்

மஞ்சள் காமாலையை உண்டாக்கும் பிலிருபின் மூளையில் படியாமலிருக்க, முதல் நாளிலிருந்தே அதன் அளவைப் பார்த்து ஒளி சிகிச்சை தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் கவனம் தளர்கிறது, அங்கேதான் தவறு. ஏற்றிய ரத்தத்தால் எலும்பு மஜ்ஜை சோம்பிக் கிடக்கும். மூன்று மாதம்வரை ஹீமோகுளோபின் இறங்கலாம். வாரம் ஒரு முறை டெஸ்ட் எடுங்கள். பால் குடிக்கும்போதே களைத்துத் தூங்கினால் அன்றே காட்டுங்கள். இரும்பு சொட்டு மருந்தை நீங்களாகக் கொடுக்கக் கூடாது, உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுந்திருக்கக்கூடும். காது கேட்கும் திறனுக்கு பெரா டெஸ்டும் அவசியம்.